கீழ்த் தட்டில் வைத்தவை

எனக்கு ஒழுங்கில்லாமல் எதுவும் இருக்கக் கூடாது. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் குசினியில் மிளகாய்த்தூள் போத்தல் இருக்கவேண்டிய இடத்தில் சீனிப் போத்தல் இருந்தால் அன்று முழுவதும் என் முகம் சரியாக இராது. மகள் இதை வியாதி என்பாள். இந்த வியாதிக்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள் என்று நான் திருப்பிச் சொல்வேன். போன வருசத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

நான் வேலை செய்யும் இடத்தின் பெயர் வேண்டாம். லண்டனில் இருக்கிறது. அதன் நிலவறையில் ஆளுயர ப்ரீசர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குள் விரல்நுனி அளவு குழாய்களில் ஒரு வண்டின் கால், ஒரு மீனின் செட்டைத் துண்டு, ஓர் இலையின் நுனி, அவற்றிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏ எல்லாம் உறைந்துகிடக்கின்றன. ஒவ்வொரு குழாய்க்கும் கணினியில் ஒரு வரி உண்டு. அந்த வரிகளைக் காலங்காலமாகப் பல பேர் அவரவர் மனம்போனபடி எழுதிவைத்திருந்தார்கள். ஒருவர் ‘கிடைத்த இடம்’ என்று தலைப்பிட்டதை இன்னொருவர் ‘பிரதேசம்’ என்றிருப்பார். மூன்றாமவர் தலைப்பே இல்லாமல் குறிப்புக்குள் செருகியிருப்பார்.

உலகத்தில் உள்ள இப்படியான சேகரிப்புகள் எல்லாம் ஒன்றையொன்று விளங்கிக்கொள்வதற்காக ஒரு பொதுத் தரம் இருக்கிறது. எந்த உயிர், எங்கே எடுத்தது, எப்போது, யார் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு தலைப்பு. எங்கள் பழைய தலைப்புகளைக் கொண்டுபோய் அந்தப் பொதுத் தலைப்புகளோடு சேர்த்துவிடுவதுதான் என் வேலை. கிட்டத்தட்ட கலியாணப் பொருத்தம் பார்ப்பதுபோலத்தான். பொருந்தினால் சேர்த்துவைப்பேன். சோடி கிடைக்காத தலைப்பை விட்டுவிடுவேன். முடிந்ததும் எல்லா வரிகளும் இணையத்துக்குப் போகும். பிறகு உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஓர் உயிரின் பெயரைத் தட்டினால் அது எடுக்கப்பட்ட இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வந்து நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து எனக்கு ஒரு காலத்தில் அவ்வளவு பெருமை.

ப்ரீசர்களைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. தமிழ்நாட்டில் மதுரைப் பக்கம், இங்கே நோர்பரியில் வீடு. செடிகளைப் படித்தவர். கோடையில் வெளியே போய் மாதிரி எடுப்பதும், குளிர்காலத்தில் அதைக் குழாய்க்குள் அடக்குவதும் அவர் வேலை. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். நான் ‘ஓம்’ என்றால் மந்திரம் சொல்கிறாயா என்பார். அவர் ‘ஆமா’ என்றால் கன்றுக்குட்டி மாதிரிப் பால் கேட்டு அழுகிறீர்களா என்பேன். மத்தியானத்தில் என் புட்டில் பாதி அவருக்குப் போகும், அவருடைய எலுமிச்சைச் சோற்றில் பாதி எனக்கு வரும். என் வாய்க்கும் கோபத்துக்கும் பயப்படாமல் என்னோடு பழகிய ஆட்கள் குறைவு. அவர் பயப்படவே இல்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. போனில் எழுதமாட்டார், பேசி அனுப்புவார். ‘நாளைக்கு லீவு’ என்று சொல்வதற்கு முன் பஸ் வராத கதை, பக்கத்து வீட்டுப் பூனைக் கதை எல்லாம் வரும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாதியில் நிறுத்திவிட்டு, நேரில் காணும்போது என்ன விசயம் என்று கேட்டுக்கொள்வேன்.

போன வருசத்துக்கு முந்தின வைகாசியில் அவர் என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். லண்டனின் தெற்கு ஓரம். இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. ஒரு வயதான ஆங்கிலப் பெண்மணியின் நிலம் அது. புருசன் போனபிறகு தனியாக இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் சரிவு. அதில் ஒரு மூலையில், முயல் கடிக்காதபடி கம்பி வலைக்கூடு கவிழ்த்து, ஓர் ஆர்க்கிட் இனத்தை அவர் காத்துவந்தார். இந்த நாட்டில் அது மிச்சமிருக்கும் இடங்கள் மிகச் சில. பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.

பார்த்தால் பெரிய பூ இல்லை. எங்கள் ஊர்க் கோயில் பூசைக்கு யாரும் பறித்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த அம்மா கூட்டைத் தூக்கிவிட்டு மெல்ல முழந்தாளிட்டு இருந்ததைப் பார்த்தபோது நானும் பேசாமல் குந்திக்கொண்டேன். ஒவ்வொரு வருசமும் விதை உதிர்ந்தபிறகு அந்தச் சரிவின் புல்லைத் தன் கையாலேயே வெட்டி, வெட்டிய புல்லை வாரி அப்புறப்படுத்துவாராம். புல் உக்கி மண் கொழுத்துவிட்டால் இந்தச் செடி வராதாம். அக்கா இலைநுனியில் ஒரு நகமளவு வெட்டிச் சிறு காகித உறைக்குள் போட்டார். அதற்கு அந்த அம்மா சம்மதித்தது ஒரே நிபந்தனையில்தான். இடம் யாருக்கும் தெரியக் கூடாது. இப்படியான செடிகளைக் கிண்டிக்கொண்டுபோய் வைத்திருக்கவும் விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா வாக்குக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதாவது, அந்த வாக்கு எனக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

பிறகு அந்த இலைத்துண்டின் குழாய்கள் மற்ற ஆயிரக்கணக்கான குழாய்களோடு ப்ரீசருக்குள் போயின. வரிகளும் மற்ற வரிகளோடு கலந்தன. என் கண்ணுக்கு அவை எண்கள்தான்.

போன வருசம் தை மாதம் அக்காவின் அம்மா ஊரில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அக்கா அங்கே ஓடியிருந்தார். நான் இரங்கல் எழுதி அனுப்பினேன். காரியங்கள் முடித்து வீட்டையும் ஒழுங்குபடுத்திவிட்டு வரப் பங்குனி ஆகும் என்றார். இங்கே என் வேலை முடியும் கட்டத்தில் இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவர், பரபரப்பில்லாத ஒரு வெள்ளைக்காரர், எல்லாவற்றையும் இணையத்துக்கு அனுப்பும் திகதியைக் குறித்துவிட்டார். அனுப்பமுன் ப்ரீசர் பக்கத்திலிருந்து ஏதும் சொல்ல இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டுவிடச் சொன்னார். நான் எழுதிக் கேட்டேன்: “அக்கா, தரவு எல்லாம் வெளியில விடப்போறம். நீங்கள் சொல்ல ஏதும் இருக்கோ?”

அடுத்த நாள் வேலை முடிந்து ஜூபிலி லைன் நிலத்தடி ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ரயில் நிலத்துக்கு மேலே ஏறியதும் போன் ஒலித்தது. அக்காவிடமிருந்து குரல் மெசேஜ். அதன் நீளத்தைப் பார்த்தேன். அவர் அனுப்பியவற்றிலேயே அதுதான் நீளம். எனக்குக் கடுகடுவென்று வந்தது. ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் எழுத ஏலாதா இந்த மனுசிக்கு என்று நினைத்தேன். பிறகு கேட்கலாம் என்று விட்டேன். ஆனால் பதில் போடாமல் விட்டால் மரியாதை இல்லையே. நெருக்கியடித்த ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டினேன்: “நன்றி அக்கா. எல்லாம் தெளிவு.”

பிறகு என்பது வரவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைவர் கேட்டார், அவரிடமிருந்து ஏதும் இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை என்றேன். சொல்லும்போது நான் சற்றும் தடுமாறவில்லை. பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே நான் கடைசியாகச் செய்த வேலை ஒன்று இருக்கிறது. பழைய தரவில் குழாய் எந்த ப்ரீசரில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஒரு தலைப்பு இருந்தது. ஆளுக்கொரு விதமாக எழுதிக் கண்றாவியாகக் கிடந்தது. பொதுத் தரத்துக்கு அது தேவையில்லை. எங்கள் ப்ரீசரின் தட்டு பிரேசிலில் இருப்பவருக்கு எதற்கு? அதை முழுவதுமாக விட்டுவிட்டேன். சீனிப் போத்தலை அதன் இடத்தில் வைத்தபோது வரும் அதே திருப்தி வந்தது. தரவு வெளியே போனது. கேக் வெட்டினோம். தலைவர் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டினார்.

பங்குனியில் அக்கா வந்தார். மெலிந்திருந்தார். எனக்கு அல்வா கொண்டுவந்து தந்தார், அந்த நிலையிலும். ப்ரீசருக்கு முன்னால் நின்று கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: “நான் அனுப்பினதைக் கேட்டியா?”

“ஓம் அக்கா, கேட்டனான்” என்றேன்.

அவர் மற்றக் கையுறையை மாட்டாமல் என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்தவர்போல இருந்தார். நான் அல்வாப் பெட்டியைத் திறந்து, வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றேன். அவர் ‘சரி’ என்று ப்ரீசர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனி மாதம் அந்த ஆங்கில அம்மா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். அக்கா என்னையும் வரச்சொன்னார்.

சரிவின் மூலையில் கம்பிக்கூடு ஓர் ஓரமாக எடுத்து நேராக வைக்கப்பட்டிருந்தது. அதன் இடத்தில் சதுரம் சதுரமாகக் குழிகள். கூரான தோட்டக் கரண்டியால் மண்ணோடு வெட்டி எடுத்திருக்கிறார்கள். பூத்தவை எதையும் விடவில்லை. வழி தவறி வந்தவர் செய்த வேலை இல்லை அது. ஒற்றையடிப் பாதைகூட அந்தப் பக்கம் இல்லை. வந்தவர் நேராக அந்த மூலைக்கே வந்திருக்கிறார். கிண்டிக்கொண்டுபோனாலும் இந்தச் செடி பிழைக்காது, தன் மண்ணுக்குள் இருக்கும் ஒரு பூஞ்சணத்தை நம்பித்தான் அது இருக்கிறது என்று அக்கா முன்பு சொல்லியிருந்தார். ஆகவே எடுத்தவர்களிடமும் அது இராது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. நீ யாருக்காவது சொன்னாயா என்று அக்காவிடம் மட்டும் கேட்டார். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்து, எங்கள் பக்கத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும், வாக்குக் கொடுத்தது நான், பொறுப்பும் நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் என் சப்பாத்தில் ஒட்டியிருந்த வெள்ளைச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வீட்டுக்குள் போய்விட்டார். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. முதல் முறை வந்தபோது இரண்டு தரம் ஊற்றித் தந்தவர்.

வேலைக்கு வந்ததும் பழைய தரவைத் திறந்தேன். அந்தச் செடியின் வரிகளைத் தேடி எடுத்தேன். நான் வெளியே விட்டிருந்த இடக்குறிப்பு அந்தக் கூட்டையே தொடும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது. குறிப்பு இருக்கவேண்டிய இடம் வெறுமை. இரகசியம் என்று ஒரு சொல்லும் இல்லை. அப்படியானால் என் பிழை இல்லையே என்று ஒரு நிமிசம் மூச்சு வந்தது. பிறகு நான் தூக்கியெறிந்த தலைப்பு கண்ணில் பட்டது. ‘கீழ்த் தட்டு’ என்று இருந்தது. கீழ்த் தட்டில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஸ்கொட்லாந்து ஆறு ஒன்றிலிருந்து முத்துச் சிப்பி. கூட்டிலிருந்து முட்டை திருடப்படும் ஒரு பருந்தின் இறகு. இன்னும் இரண்டு ஆர்க்கிட். எல்லாமே யாராவது தேடி வரக்கூடியவை. வேறு ஒன்றுமே அந்தத் தட்டில் இல்லை. அக்கா அவற்றுக்கு அடையாளம் போட்டுத்தான் வைத்திருந்தார். அந்த அடையாளத்தைத்தான் நான் குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தேன்.

பொதுத் தரத்தில் இடத்தை மங்கலாக்கிக் காட்ட வழி இருக்கிறது. எந்தெந்த வரிகள் என்று யாராவது சொன்னால் போதும். அன்றே அந்தத் தட்டில் உள்ள எல்லாவற்றையும் மங்கலாக்கித் திரும்ப அனுப்பினேன். தலைவர் கேட்டபோது சிறு திருத்தம் என்றேன். ஆனால் மாசியிலிருந்து ஆனி வரைக்கும் அது வெளியே கிடந்தது. யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்களோ, அவர்களிடமிருந்து அதைத் திருப்பி வாங்க ஏலாது. கிண்டியவர் எங்கள் தரவைப் பார்த்துத்தான் வந்தார் என்று நிரூபிக்க முடியாது. பல நாள் அந்த ‘முடியாது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரைக்குப் போனேன்.

இனி அந்த மெசேஜ். அது போனில் அப்படியே இருந்தது. குரல் மெசேஜின் ஓரத்தில் ஒரு சின்ன மைக் இருக்கும். கேட்கும்வரை சாம்பல் நிறம், கேட்டுவிட்டால் நீலம். அனுப்பியவருடைய போனிலும் அது நீலமாக மாறும். இப்போது நான் அதைக் கேட்டால், இத்தனை மாதம் கேட்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்துவிடும். கேட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன பொய்யும் தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாமல் கேட்பதற்குக் குறுக்குவழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தவளும் நான்தான். தேடியதற்காகவே வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். எப்படியும் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழ்த் தட்டைத் தொடாதே என்று இருக்கும். அதை அவர் குரலில் கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

ஆடி போனது. அக்கா முன்புபோலத்தான் இருந்தார், எலுமிச்சைச் சோற்றில் பாதி வந்தது. தான் அழைத்தால் அந்த அம்மா தொலைபேசியை எடுப்பதில்லை என்று ஒருநாள் அக்கா சொன்னார். இன்னொரு நாள், இனி வெளியே போய் மாதிரி எடுக்கும் வேலையை விட்டுவிடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். வாக்கைக் காப்பாற்றத் தெரியாதவள் மற்றவர் நிலத்தில் எப்படிக் கால் வைப்பது என்றார். சோற்றைக் கிளறிக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அந்த வேலைதான் உயிர். என் பிழைக்கு அவர் அதை விடப்போகிறார், நான் எதிரில் இருந்து புட்டுச் சாப்பிடுகிறேன். அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

அந்த ஞாயிறு நோர்பரிக்குப் போனேன். அவர் அடை சுட்டுக்கொண்டிருந்தார். கதிரையில் இருக்காமலே சொன்னேன்.

“அக்கா, நீங்கள் ஊரில இருந்து அனுப்பின மெசேஜை நான் கேக்கேல்லை. கேட்டனான் எண்டு பொய் சொன்னனான். அந்தச் செடி போனது என்னால.”

அவர் அடையைத் திருப்பிப் போட்டார். “தெரியும்” என்றார்.

குழிகளைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, தான் கீழ்த் தட்டைப் பற்றி என்னிடம் ஒழுங்காகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்து போனை எடுத்துப் பார்த்தாராம். மைக் சாம்பலாக இருந்ததாம். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒருதரம் பார்ப்பாராம். தன் மேலும் பிழை இருக்கிறது என்றார். ஒரு மாதிரி இரகசியம் என்று தரவில் எழுதிவைத்தால், வந்துபோகிற மாணவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். அதனால்தான் எழுதாமல் தட்டை வைத்தே அடையாளம் வைத்தாராம். ஆனால் அதை என்னிடம் முன்கூட்டியே நேரில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நான் வேண்டாம் அக்கா, அதைப் பங்குபோட வேண்டாம் என்றேன்.

“தெரிஞ்சும் ஏன் என்னட்டக் கேக்கேல்லை?” என்றேன்.

“நீயே வரணும்னு இருந்தேன்” என்றார். பிறகு அடுப்பை அணைத்தார். “எங்கிட்ட சொன்னா போதாது. அவங்ககிட்ட சொல்லணும். புல்லு வெட்ற காலம் வந்துடுச்சு. சனிக்கிழமை கதவைத் தட்டுவோம்.”

சனிக்கிழமை அந்த அம்மா கதவைத் திறந்தார். நான் சொன்னேன். என் ஆங்கிலம் அலுவலகத்தில் நன்றாக ஓடும், அன்று துண்டு துண்டாக வந்தது. இடத்தை வெளியே விட்டது நான், இவர் பேசி அனுப்பியதை நான் கேட்கவில்லை, இவர் எனக்குச் சொல்லித்தான் இருந்தார், இவர் வாக்கு மீறவில்லை என்றேன். கடைசி வசனத்தை இரண்டு தரம் சொன்னேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போனேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அக்காவின் தோளில் ஒரு கணம் கை வைத்தார். பிறகு கொட்டிலுக்குள் போய் இரண்டு புல்வாரிகளை எடுத்துவந்து ஒன்றை என்னிடமும் நீட்டினார். பூக்காத சிறு கிழங்குகள் மண்ணுக்குள் மிஞ்சியிருந்தால், பூக்க இன்னும் பல வருசம் ஆகும், அதுவரைக்கும் புல் வெட்டத்தான் வேண்டும் என்றார்.

அவர் வெட்டினார். நாங்கள் வாரினோம். என் கை கொப்புளித்தது. மத்தியானம் அவர் உள்ளே போனதும் நானும் அக்காவும் சரிவில் உட்கார்ந்தோம். குழிகள் இருந்த இடம் மண் போட்டு நிரவியிருந்தது. அக்கா தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் புல்லின் மேல் வைத்தார்.

“இன்னும் கேக்கலயே” என்றார்.

“அதில என்ன இருக்கெண்டு தெரியும்தானே அக்கா. இனிக் கேட்டு என்ன?”

“தெரியாது உனக்கு. கேளு.”

அழுத்தினேன். அவர் வீட்டுக் கோழிச் சத்தம் முதலில் வந்தது. பிறகு அவர் குரல். வேலை பற்றி முதலில் ஒன்றும் இல்லை. அவருடைய அம்மாவைப் பற்றி இருந்தது.

“கடைசி நாள்ல அம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியலடி. பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு நினைச்சுகிட்டாங்க. கையைப் பிடிச்சுகிட்டு, எம்மக லண்டன்ல இருக்கா, வந்துருவான்னு எங்கிட்டயே சொல்றாங்க. நானும் ஆமாம்மா, வந்துருவான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அப்படியே கண்ணை மூடிட்டாங்க.”

அதன்பிறகு நெடுநேரம் அழுகைதான். என் பக்கத்தில் இருந்தவர் கீழே உள்ள மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை அடங்கி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “சரி, வேலையைச் சொல்லிடறேன். கீழ் தட்டுல இருக்கற எதையும் வெளிய விட்டுடாத. அதை நான் வந்து பாத்துக்கறேன்.” அவ்வளவுதான். அந்த மெசேஜில் செடிக்கு இருந்தது அவ்வளவு இடம்தான். பிறகு திரும்பவும் குரல் உடைந்தது. “இதைக் கேட்டதும் ஒரு போன் பண்ணுடி. இங்க வீடு நிறைய ஆளுங்க இருக்காங்க. யார்கிட்டயும் பேச முடியல. உங்கிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு.”

முடிந்தது. புல்லின் மேல் கிடந்த அவருடைய போனில் மைக் நீலமாக மாறியிருந்ததைப் பார்த்தேன். அதற்கு நேர் கீழே, மாசி மாதத்து மாலை ஒன்றில், ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அனுப்பிய பதில் இருந்தது.

‘நன்றி அக்கா. எல்லாம் தெளிவு.’